பகலில் பார்க்க ஒரு கிறிஸ்துமஸ் வீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் டிசம்பர் மாதத்துச் சூரியன் காலை ஐந்து மணிக்கு முன்பே எழுந்துவிடுகிறது. மாலை ஏழு மணியளவில்தான் அடைகிறது. கிறிஸ்துமஸ் என்றால் நீண்ட இரவு, பனி, இருட்டில் மின்னும் சரவிளக்கு என்று நினைத்துச் செய்யப்பட்ட கடைச் சரக்கு இந்த ஊரில் எடுபடாமல் போவதற்கு இதுவே முதல் காரணம். இங்கே திருப்பலி முடிந்து, பிரியாணியும் பொரித்த கோழியும் டிரைஃபிளும் பரிமாறி, உறவும் அக்கம்பக்கமும் வந்து உட்காரும் நேரம் நடுப்பகல். அந்த வெயிலில் பஞ்சு ஒட்டிய பச்சை பிளாஸ்டிக் மரத்தைப் பார்த்தால், அதற்கே வியர்ப்பதுபோல இருக்கும். அதன்மேல் சுற்றிய சரவிளக்கு எரிகிறதா இல்லையா என்பதைக் கிட்டப் போய்க் கையை வைத்து மறைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே எங்கள் வீட்டு அலங்காரத்துக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று: பகல் பதினொரு மணிக்கு ஜன்னலோரம் வைத்தால் அந்தப் பொருள் நன்றாக இருக்க வேண்டும். பித்தளை இருக்கும். பழைய கண்ணாடி இருக்கும். கைபட்டு வழவழப்பேறிய மரம், ஜரிகை, பாசிமணி எல்லாம் இருக்கும். இவற்றில் எதுவும் டிசம்பர் மாதத்துப் பேரங்காடியின் கிறிஸ்துமஸ் வரிசையில் கிடைப்பதில்லை. ஆனால் டர்பனின் பழைய வீடுகளிலும் பழம்பொருள் கடைகளிலும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இங்கே குடும்பம் நடத்தும் எனக்கு இந்தக் கடைகளைப் படியேறுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. "ஏட்டி, கப்பல் ஏறிப் போயும் ஓட்டை உடைசல்தான் சேக்கியா?" என்று அம்மா தொலைபேசியில் கேட்பாள். நான் வந்தது விமானத்தில் என்றாலும், கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது காலத்தைப் பற்றி. டிசம்பரில் போனால் நல்லவை முன்பே போயிருக்கும், விலையும் ஏறியிருக்கும். ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும், பண்டிகை முடிந்து வீட்டைக் கழுவி ஒழிக்கும் குடும்பங்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு, இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் அமைப்புகளும் விலங்கு நலச் சங்கங்களும் நடத்தும் கடைகளைப் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் என்று எழுதிய அலமாரியில் தேடுவது வீண்வேலை. தையல் சாமான், சமையல் பாத்திரம், உடைந்த நகை, துணித்துண்டு ஆகியவை கிடக்கும் மூலைகளில்தான் நமக்கு வேண்டியவை இருக்கும். சனிக்கிழமைகளில் எசன்வுட் சந்தையில் சுற்றுவது கண்ணுக்கு இன்பம். வாங்குவதற்குக் கிறிஸ்தவக் கோயில்களில் நடக்கும் விற்பனைகளே மேல்.

எங்கள் மரத்தின் முக்கால்வாசி அணிகலன் தையல் பெட்டியிலிருந்து வந்தது. நாங்கள் இருப்பது சாட்ஸ்வொர்த்தில். 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் பேரில் கேட்டோ மேனர் முதலிய பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்ட இந்தியக் குடும்பங்களுக்காக 1960களில் எழுந்த குடியிருப்பு இது. அந்தத் தலைமுறைப் பெண்களில் ஏராளமானோர் டர்பனின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். எங்கள் தெருவே ஆயா என்று அழைக்கும் அண்டை வீட்டு மூதாட்டியும் அப்படி ஒருவர். பழைய பேக்கர்ஸ் பிஸ்கட் டின் ஒன்றை என் கையில் கொடுத்து, "எடுத்துக்கோமா, வெச்சுக்கிட்டு நான் என்ன தைக்கப் போறேன்?" என்றார். பேக்கர்ஸ் நிறுவனமும் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இதே டர்பனில் ஒரு ரொட்டிக் கடையாகத் தொடங்கியதுதான். டின்னுக்குள் நூல் தீர்ந்துபோன மரக் கண்டுகள் இருந்தன.

அந்தக் கண்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் வருவதற்கு முன்னால் தையல் நூல் கடைசல் பிடித்த சிறு மரக்கட்டையில் சுற்றித்தான் விற்கப்பட்டது. இரண்டு முனையிலும் விளிம்பு அகன்று, இடுப்பு ஒடுங்கி, நடுவே துளையோடு இருக்கும். விளிம்பின் தட்டையான முகத்தில் வட்டமான காகிதச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் நிறுவனத்தின் பெயரும் நூலின் எண்ணும் கறுப்பிலோ பொன்னிறத்திலோ அச்சாகியிருக்கும். ஆயாவின் கண்டுகளில் சிலவற்றின் சீட்டு பாதி தேய்ந்து, விரலின் எண்ணெய் பட்டுத் தேன் நிறமாகியிருக்கிறது. விளிம்பில் நூல்நுனியைச் செருகி வைக்க வெட்டிய கீறல் ஒன்று உண்டு. பலமுறை செருகிச் செருகி அந்தக் கீறல் அகன்றிருப்பதைக் கண்ணருகே கொண்டுபோனால் காணலாம். இவற்றுக்குச் சாயம் பூசுவதோ மினுக்குத்தூள் ஒட்டுவதோ என்னைப் பொறுத்தவரை பாவம். ஈரத்துணியால் துடைக்கக்கூடாது, சீட்டு உரிந்துவிடும். உலர்ந்த மென்தூரிகையால் தூசு தட்டி, கிழிந்த பட்டுச் சேலையின் ஜரிகைக் கரையிலிருந்து நாலு விரற்கடை நீளம் வெட்டி இடுப்பில் சுற்றி, நடுத்துளையில் சணல் கயிறு கோத்து, அடியில் ஒரு பித்தளைப் பொத்தானை முடிச்சுக்குத் தடையாகக் கட்டினால் போதும். வெயில் ஜரிகையில் பட்டுத் தெறிக்கும்போது எந்த விளக்கும் தேவைப்படுவதில்லை.

கண்ணாடி உருண்டைகளுக்கு வேறு சாமர்த்தியம் வேண்டும். கண்ணாடியை ஊதி உட்புறம் வெள்ளிப் பூச்சுக் கொடுத்துச் செய்யும் கிறிஸ்துமஸ் உருண்டைகள் ஜெர்மனியின் லௌஷா என்னும் மலையூரில் 19ஆம் நூற்றாண்டில் தொழிலாக வளர்ந்து, அங்கிருந்து உலகெங்கும் போனவை. பழம்பொருள் கடையில் இவற்றின் வயதை அறிய உருண்டையைப் பார்ப்பதைவிட அதன் தலையில் உள்ள உலோக மூடியையும், கூடவே வந்த அட்டைப்பெட்டியையும் பார்க்க வேண்டும். 'மேற்கு ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியா என்றிருந்தால் 1992 முடிவதற்குள் செய்தது. நாடுகள் போய்விட்டன, உருண்டைகள் இருக்கின்றன. மூடி மட்டும் மாறியிருக்கலாம் என்பதால் இதை ஜாதகம்போல நம்பிவிடக் கூடாது. ஆனாலும் விலை பேசும்போது உதவும்.

டர்பனின் காற்று இவற்றுக்குப் பகை. கடலோர ஈரம் மூடியின் இடுக்கு வழியே உள்ளே போய் வெள்ளிப் பூச்சைக் கறுக்க வைக்கும். கம்பி வளையம் துருவேறி, ஒருநாள் மரத்திலிருந்து தானே கழன்று விழும். வாங்கி வந்ததும் வளையத்தைக் கழற்றிவிட்டுச் செம்புக் கம்பியில் புதிதாக ஒன்று வளைத்துப் போடுவது நல்லது. வெளிச் சாயம் நீரில் கரையும் தன்மையுள்ளதாக இருக்கக்கூடும் என்பதால் கழுவவே கூடாது. கறுப்புப் புள்ளி விழுந்தவற்றைத் தள்ளிவிட வேண்டாம். பழைய சோடாக் குவளை, கோலி சோடாப் போத்தல் போன்றவற்றோடு ஒரு அகன்ற கண்ணாடிக் கிண்ணத்தில் குவித்துச் சாப்பாட்டு மேசையின் நடுவே வைத்தால், அந்தப் புள்ளிகளே அழகாகத் தோன்றும். ஒன்று விழுந்து உடைந்தாலும் மனம் பதறாது.

பித்தளையைப் பற்றி நம்மவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு டர்பனுக்கு முதன்முதலில் வந்து சேர்ந்த டிரூரோ கப்பலின் பயணிகளில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எனவே டர்பனில் செம்பையும் குத்துவிளக்கையும் கண்டால் அவை இந்துக் குடும்பத்துப் பொருள்கள்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். உச்சியில் சிலுவை வைத்த குத்துவிளக்கு தமிழ்க் கத்தோலிக்கக் கோயில்களில் எங்கும் உண்டு. கடைக்குப் போகும்போது சிறு காந்தம் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்: ஒட்டினால் அது இரும்பின்மேல் பித்தளைப் பூச்சு, இந்தக் கடல்காற்றில் இரண்டே மழைக்காலத்தில் பல்லிளிக்கும். ஒட்டாவிட்டால் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கலாம். நான் முழுவதும் பளபளக்கத் தேய்ப்பதில்லை. குழிவுகளில் கறுப்பு நின்றால்தான் வேலைப்பாடு எடுப்பாகத் தெரியும். வாய் நெளிந்த செம்புகளில் நீர் விட்டு ஹைட்ரேஞ்சியாக் கொத்துகளை வைக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்துமஸ் ரோஜா என்று அழைக்கப்படும் அந்த நீலப் பூ டிசம்பரில்தான் பூத்துக் குலுங்கும். மஞ்சள் உலோகத்துக்கு அந்த நீலத்தைவிடப் பொருத்தம் வேறில்லை.

மரம் என்று வரும்போது நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. பைன் இந்த நாட்டு மரமன்று. கட்டைக்காகப் பயிரிட்டது தோப்பைத் தாண்டிப் பரவி மலைச்சரிவுகளின் நீரைக் குடிப்பதால், அயல்மரங்களை வெட்டி அகற்றுவதற்கென்றே அரசு 1995 முதல் ஒரு திட்டத்தை நடத்தி வருகிறது. அப்படி வெட்டியது கிடைத்தால் வாங்கலாம், தவறில்லை. ஆனால் எங்கள் வீட்டில் மரம் என்பது கடல் ஒதுக்கிய கட்டைகள்தான். கோடை மழையில் உம்கேனி ஆறு பெருகும்போதெல்லாம் கிளையும் கரும்புத்தட்டையும் குப்பையுமாகக் கடலுக்குத் தள்ளுகிறது. அலை அவற்றை உருட்டிப் பட்டை உரித்து, சாம்பல் நிறமாக்கிக் கரையில் போடுகிறது. விரல் தடிமனிலிருந்து மணிக்கட்டுத் தடிமன் வரை ஒன்பது குச்சிகள் வேண்டும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றினால் உப்பு இறங்கும். உப்பை அப்படியே விட்டால் மழைநாளில் குச்சி ஈரம் உறிஞ்சிச் சுவரில் கறை படியும். வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகு, அடியில் ஏறக்குறைய தொண்ணூறு சென்டிமீட்டர், உச்சியில் பதினைந்து என்று நீளவாரியாக அடுக்கி, இரு ஓரமும் சணல் கயிற்றால் பிணைத்துச் சுவரில் ஒற்றை ஆணியில் தொங்கவிடலாம். சிறு வீட்டில் இடம் அடைக்காது. பண்டிகை முடிந்ததும் பாயைப்போலச் சுருட்டிவிடலாம்.

இந்த இடத்தில் குரங்குகளைப் பற்றி எச்சரித்தாக வேண்டும். எங்கள் பகுதி சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகத்தை ஒட்டியிருப்பதால், வெர்வெட் குரங்குகள் ஜன்னல் வழியே வந்து பழக்கூடையைச் சோதித்துவிட்டுப் போவது அன்றாட நடப்பு. வெளிநாட்டு இதழ்களில் காட்டும் காய்ந்த ஆரஞ்சு வில்லை, சோளப்பொரி மாலை, இலவங்கப்பட்டைக் கட்டு எல்லாம் அவற்றுக்கு விருந்து அழைப்பிதழ். குரங்கு வராத வீடாக இருந்தாலும், இந்த ஊர் ஈரத்தில் ஆரஞ்சு வில்லையை வெயிலில் காயவைத்தால் பூசணம்தான் மிஞ்சும். அடுப்பில் நூறு டிகிரிக்குக் கீழே மூன்று நான்கு மணி நேரம் வைத்து எடுத்தாக வேண்டும். அந்த மின்செலவுக்கு ஒரு பழைய கண்ணாடிமணி மாலையே வாங்கிவிடலாம். உணவுப்பொருளை மரத்தில் தொங்கவிடும் யோசனையை நான் முற்றாகக் கைவிட்டுவிட்டேன்.

கண்ணாடிமணி என்றதும் டர்பன் கடற்கரையில் விரித்து விற்கும் ஜூலுப் பெண்களின் பாசிமணி வேலைப்பாடு நினைவுக்கு வரும். அது புதிய பொருள். ஆனால் அதன் அருகிலேயே இருக்கும் தொலைபேசிக் கம்பிக் கூடை, பழையதைப் புதிதாக்கும் கலையில் இந்த ஊர் நமக்கெல்லாம் முன்னோடி என்பதற்குச் சாட்சி. இரவுக் காவல் வேலைக்கு வந்த ஜூலு ஆண்கள், வண்ண உறை போட்ட தொலைபேசிக் கம்பித் துண்டுகளைத் தங்கள் தடியில் சுற்றிப் பின்னத் தொடங்கி, பிறகு பானை மூடும் புல் தட்டுகளின் வடிவத்தைக் கம்பியில் கொண்டுவந்தார்கள். நிறம் மங்கிய பழைய கம்பித் தட்டு ஒன்று கிடைத்தால் வாசற்கதவில் வளையத்துக்குப் பதிலாக மாட்டலாம். நான்கு ஆண்டு மழை வெயிலில் நின்றாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பின்னலின் சுழலே போதிய அலங்காரம். அதன்மேல் சிவப்பு ரிப்பன் கட்டுவதை நான் ரசிப்பதில்லை.

வாசலில் நட்சத்திரம் தொங்காத வீட்டை எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் வீடாகவே மதிக்க மாட்டார்கள். மூங்கில் பத்தையில் சட்டம் கட்டி வண்ணக் காகிதம் ஒட்டுவதுதான் முறை. இங்கே டிசம்பர் மழைக்காலம். மாலையில் இடியோடு ஒரு மழை அடித்தால் காகிதம் நனைந்து தொங்கும். மைதாப் பசைக்குக் கரப்பான் வரும். அதனால் சட்டத்தை மட்டும் மூங்கிலில் வைத்துக்கொண்டு, பழைய நைலக்ஸ் சேலையை இழுத்துத் தைத்துவிட்டேன். மயில்நீலத்தில் பூப்போட்ட அந்தச் சேலை 70களின் நாகரிகம். கட்ட யாரும் முன்வர மாட்டார்கள், ஆனால் பகலில் வெயில் ஊடுருவும்போது திண்ணைச் சுவரில் நீலப் பூக்கள் விழுகின்றன. நைலான் எளிதில் உருகித் தீப்பிடிக்கும் என்பதால் உள்ளே சூடாகாத சிறு எல்இடி விளக்கு மட்டுமே வைக்க வேண்டும். மின்வெட்டுக் காலத்தில் பழகிய சூரிய ஒளி மின்விளக்குகள் இதற்கு நன்கு உதவுகின்றன. மேசைத் துணிக்கும் தோரணக் கொடிக்கும் ஷ்வெஷ்வெத் துண்டுகள்: கஞ்சி மணக்கும் அந்த நீல அச்சுத்துணியின் வெட்டுத்துண்டுகளைத் தையற்காரர்கள் பெரும்பாலும் சும்மாவே தருகிறார்கள்.

குடிலுக்கு எங்கள் வீட்டில் நிலையான இடம், பழைய சிங்கர் மிதி இயந்திரத்தின் இரும்புச் சட்டம். இயந்திரம் எப்போதோ போய்விட்டது; மேலே ஒரு பலகையைப் போட்டால் மேசை. சொரூபங்கள் பல வீடுகளிலிருந்து வந்தவை ஆகையால் ஒரு மேய்ப்பர் ஒட்டகத்தைவிட உயரம், ஒரு ஞானி தன் ஆட்டைவிடக் குட்டை. கொலுவில் செட்டியாரும் யானையும் ஒரே படியில் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது குறையாகத் தெரியவில்லை. சுண்ணாம்புச் சொரூபங்களின் உடைந்த மூக்கைப் புதிதாகச் செய்து ஒட்டுவதில்லை. வெடிப்பு பரவாமல் இருக்க மட்டும் பசை வைக்கிறேன். புல்லுக்கு, தட்டையான மத்தி மீன் டின்களின் ஓரத்தை அரத்தால் மழுக்கி, அடியில் ஆணியால் துளையிட்டு, மண் நிரப்பி, பண்டிகைக்குப் பத்து நாள் முன்னால் கேழ்வரகு விதைத்துவிடுவேன். ஊரில் பாட்டி ஓலைப்பெட்டியில் விதைப்பாள். கேழ்வரகு கிடைக்காதவர்கள் வெந்தயம் போடலாம். இன்னும் விரைவில் முளைக்கும், குழம்புக்கும் ஆகும்.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் வீட்டுக்குள் விடலாகாது. கனமாக, தொய்வாக, கசக்கினால் கசங்கியபடியே நிற்கும் பழைய வெள்ளிச்சரிகைத் தொங்கல்கள் ஈயத்தில் செய்தவையாக இருக்கலாம். அமெரிக்காவில் 1972 வாக்கிலேயே அவை கைவிடப்பட்டன. குழந்தை உள்ள வீட்டில் அவற்றுக்கு இடமில்லை. உரியும் பழைய எண்ணெய்ச் சாயம் பூசிய பொம்மைகளுக்கும் இதே விதி. இன்னொன்று பழைய சரவிளக்கு. 12 வோல்ட் பல்புகள் இருபதை ஒரே வரிசையில் இணைத்து 230 வோல்ட் மின்சாரத்தில் நேரே செருகும் அமைப்பு அது. ஒன்று போனால் எல்லாம் அணையும் என்பது எரிச்சல் மட்டுமே, ஆனால் வெடித்துப்போன கம்பி உறை உயிராபத்து. விளக்கு வடிவிலும் பழ வடிவிலும் இருக்கும் அந்தப் பல்புகள் மிக அழகானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கம்பியை வெட்டி எறிந்துவிட்டு, பல்புகளை மட்டும் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்; மின்சாரத்தோடு அவற்றுக்கு இனி உறவு வேண்டாம்.

மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 கழிந்ததும் கட்டி வைக்கும் வேலை. உருண்டைகளை முட்டை அட்டைகளில் வைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு அடைக்கிறேன். செருப்புப் பெட்டியிலும் மருந்துக் குப்பியிலும் வரும் பொட்டலங்களை ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்தால் வாங்கவே வேண்டாம். செய்தித்தாளில் சுற்றக் கூடாது: மை ஒட்டும், ராமபாணப் பூச்சியும் வரும். அந்தப் பூச்சிக்குக் கஞ்சியும் காகிதமும் ஒன்றுபோலப் பிடிக்கும் என்பதால், ஷ்வெஷ்வெத் துணியைக் கஞ்சி போக அலசிக் காயவைத்த பிறகே மடிக்க வேண்டும். மரக் கண்டுகளைச் சீட்டு உள்ளவை, இல்லாதவை என்று பிரித்து, சீட்டு உள்ளவற்றை மட்டும் ஆயாவின் டின்னிலேயே, நான்கைந்து கிராம்போடு போட்டு இறுக மூடி, தரையிலிருந்து உயரமான அலமாரியில் வைக்க வேண்டும்.